நினிவேயும் நிறைவேறாத இறைவாக்கும்

தவக்காலத்தின் முதல் வாரப் புதன்கிழமையன்று திருப்பலியில் யோனா நூலின் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அந்த வாசகத்தைக் கேட்ட ஒரு நாள் காலையில், நாள் தவறாமல் திருப்பலி காணும் முதியவர் ஒருவர் ஆலயத்தின் பக்கவாசலில் என்னை நிறுத்தினார்.

"சாமி, ஒரு சந்தேகம். நாற்பது நாளில நினிவே அழிஞ்சு போகும்னு யோனா சொன்னார். ஆனா அது அழியலையே. அப்ப அவர் சொன்னது பொய்யாப் போச்சா? இல்ல, சொல்லச் சொன்ன ஆண்டவர்தான் பேச்சை மாத்திக்கிட்டாரா?"

அவருக்கு அப்போது ஏதோ ஒரு விடையைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. ஏனெனில் அது வெறும் ஐயம் அன்று. திருநூலே எழுப்பும் கேள்வி. ஆண்டவர் பெயரால் ஒருவர் உரைத்தது நடவாமற்போனால், அது ஆண்டவர் உரைத்த வாக்கு ஆகாது என்று இணைச்சட்டம் அளவுகோல் வகுக்கிறது (இச 18:21-22). அந்த அளவுகோலால் அளந்தால் யோனாவின் நிலை என்ன? நினிவேயில் உரைத்த ஒரே செய்தியும் நிறைவேறாத ஒருவரை இறைவாக்கினர் வரிசையில் வைத்து இஸ்ரயேல் ஏன் போற்றியது? இயேசு ஏன் அவரைத் தமக்கு அடையாளமாகக் காட்டினார்? இவற்றுக்கு விடை தேட வேண்டுமானால், நினிவே என்னும் நகரத்தின் வரலாற்றுக்குள் நாம் சற்றே நடந்து பார்க்க வேண்டும்.

குருதி படிந்த நகரம்

இன்றைய ஈராக் நாட்டில், டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில், மோசூல் நகரத்தின் உள்ளேயே நினிவேயின் இடிபாடுகள் கிடக்கின்றன. அசீரியப் பேரரசன் சனகெரிபு (கி.மு. 705-681) இதைத் தன் தலைநகராக்கினான். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சுற்றளவுள்ள மதில், மலைகளிலிருந்து நீர் கொண்டுவந்த கால்வாய்கள், பூங்காக்கள், அரண்மனைகள் என அக்காலத்தில் அதற்கு இணையான நகரம் இல்லை. அவனுடைய பேரன் அசூர்பனிபாலின் நூலகத்திலிருந்து மட்டும் ஏறத்தாழ முப்பதாயிரம் களிமண் ஏடுகளும் அவற்றின் துண்டுகளும் கிடைத்துள்ளன.

இந்தப் பெருமையின் மறுபக்கத்தை இஸ்ரயேல் மக்கள் தங்கள் உடலால் அறிந்திருந்தனர். கி.மு. 722-721இல் சமாரியா வீழ்ந்தது. அங்கிருந்து 27,290 பேரை நாடு கடத்தியதாக இரண்டாம் சார்கோன் தன் கல்வெட்டில் பெருமையோடு பொறித்துவைத்தான். கி.மு. 701இல் அவன் மகன் சனகெரிபு யூதாவின்மேல் படையெடுத்தான். அரண்சூழ்ந்த நகர்கள் 46ஐக் கைப்பற்றியதாக அவனது ஆவணம் கூறுகிறது. அவற்றுள் ஒன்றான இலாக்கீசின் வீழ்ச்சியை அவன் தன் நினிவே அரண்மனைச் சுவர்களில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கச் செய்தான். அவை இன்று இலண்டனிலுள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. கழுமரங்களில் ஏற்றப்பட்ட மனிதரையும், தோலுரிக்கப்படும் கைதிகளையும், குழந்தைகளோடு மூட்டை சுமந்து நாடு கடத்தப்படும் பெண்களையும் அவற்றில் காணலாம். பகைவர் செய்த கொடுமை பற்றிப் பாதிக்கப்பட்டோர் எழுதிவைத்த குறிப்புகள் அல்ல இவை. வென்றவனே தன் வீட்டுச் சுவரில் அழகுக்காக வைத்துக்கொண்டவை.

இந்த நகரத்திற்குத்தான் யோனா அனுப்பப்படுகிறார்.

காத்தேபேரைச் சேர்ந்த அமித்தாயின் மகன் யோனா என்னும் இறைவாக்கினர், எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் எரொபவாம் காலத்தில் வாழ்ந்ததாக அரசர்கள் இரண்டாம் நூல் குறிப்பிடுகிறது (2 அர 14:25). ஆயினும் அவர் பெயரைத் தாங்கிய நூல், பாபிலோனிய அடிமைத்தனத்திற்குப் பின்னர், கி.மு. ஐந்து அல்லது நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பதே விவிலிய அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. அசீரிய ஆவணங்கள் எதிலும் நினிவே முழுவதும் இஸ்ரயேலின் கடவுள்பால் மனம் மாறியதாகக் குறிப்பில்லை. யோனா நூலும் அந்நகர மன்னனின் பெயரைச் சொல்லவில்லை. திருநூலை வாசிப்போர் அதன் இலக்கிய வகைகளைக் கருத்தில்கொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் கற்பித்தது. யோனா நூலை அரசவைக் குறிப்பேடாக வாசித்தால் நாம் மீனின் வயிற்றை அளந்துகொண்டிருப்போம். இறைவனின் உள்ளத்தை அளக்க மறந்துவிடுவோம்.

இந்நூலை முதன்முதலில் கேட்டவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள். சமாரியாவின் அழிவைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி அழுதவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் போய், உங்கள் மூதாதையரைக் கொன்ற நகரத்திற்காகக் கடவுள் மனம் இரங்கினார் என்று ஒருவர் கதை சொல்லத் துணிந்தார். அந்தத் துணிவே ஓர் இறைவாக்கு.

தொலைவைக் காண்பவரா, வாக்கைச் சுமப்பவரா?

நம் முன்னோர் இறைவாக்கினரைத் 'தீர்க்கதரிசி' என்று அழைத்தனர். நெடுந்தொலைவைக் காண்பவர் என்பது அச்சொல்லின் பொருள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் 'இறைவாக்கினர்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. சொல் மாறும்போது பார்வையும் மாறுகிறது. தொலைவைக் காண்பவரிடம் நாம் 'என்ன நடக்கும்?' என்று கேட்கிறோம். இறைவனின் வாக்கைச் சுமப்பவரிடம் 'நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கிறோம். முதல் கேள்வியைச் சோதிடரிடமும் கேட்கலாம். இரண்டாம் கேள்வியே விவிலியத்தின் கேள்வி.

நினிவேயின் தெருக்களில் யோனா அறிவித்த செய்தி எபிரேய மொழியில் ஐந்தே சொற்கள். அதில் 'திருந்துங்கள்' என்ற அழைப்பு இல்லை. 'திருந்தினால் பிழைப்பீர்கள்' என்ற வாக்குறுதியும் இல்லை. ஆயினும் நாற்பது நாள் என்ற தவணை இருந்தது. அழிப்பதே நோக்கமானால் தவணை எதற்கு? நெருப்பு வைக்க வருபவன் முன்கூட்டியே கதவைத் தட்டுவதில்லையே! நினிவே மக்கள் அந்த நாற்பது நாளுக்குள் மறைந்திருந்த இரக்கத்தைக் கண்டுகொண்டார்கள். 'ஒருவேளை கடவுள் தம் மனத்தை மாற்றிக்கொள்வாரோ, யாருக்குத் தெரியும்?' என்னும் கருத்தில் அவர்களுடைய மன்னன் பேசுகிறான். அந்த 'ஒருவேளை'யின்மேல் ஒரு நகரமே சாக்கு உடுத்திச் சாம்பலில் அமர்ந்தது. ஆடுமாடுகளும்கூட நோன்பு காத்தன என்று ஆசிரியர் புன்னகையோடு எழுதுகிறார்.

இங்கே இரண்டு எபிரேயச் சொற்கள் நோக்கத்தக்கவை. யோனா 'கவிழ்க்கப்படும்' என்று உரைத்த சொல்லுக்கு 'முற்றிலும் மாற்றப்படும்' என்ற பொருளும் உண்டு. தீமையில் நினிவே வீழ்ந்தது, நன்மையில் அது கட்டியெழுப்பப்பட்டது. ஆகவே யோனாவின் வாக்கு பொய்க்கவில்லை என்ற கருத்தைத் தூய அகுஸ்தீனாரும் தம் 'கடவுளின் நகரம்' என்னும் நூலில் எடுத்துரைக்கிறார். இரண்டாவது சொல் 'ஷூப்', அதாவது திரும்புதல். மக்கள் தம் தீய வழியிலிருந்து திரும்பியதைக் கூறும் அதே வினைச்சொல்லே, கடவுள் தம் சினத்திலிருந்து திரும்பக்கூடும் என்று மன்னன் நம்பிய இடத்திலும் வருகிறது. மனிதன் திரும்பிப் பார்க்கும்போது, தன்னை நோக்கி ஏற்கெனவே திரும்பி நிற்கும் முகத்தையே காண்கிறான். மீட்பு என்பது இவ்விரு திரும்புதல்களும் சந்திக்கும் இடம்.

பலிக்காத வாக்கு காத்த உயிர்

இது யோனா நூலின் ஆசிரியர் மட்டுமே கண்ட புதுமை அன்று. யோயாக்கீம் ஆட்சியின் தொடக்கத்தில், அதாவது கி.மு. 609ஐ ஒட்டிய காலத்தில், எருசலேம் திருக்கோவில் அழியும் என்று அறிவித்த எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று குருக்களும் பொய்வாக்கினரும் கூச்சலிட்டனர். அப்போது நாட்டின் மூப்பர் சிலர் எழுந்து ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டினர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் மோரேசேத்தைச் சேர்ந்த மீக்காவும் இதையேதான் உரைத்தார். சீயோன் வயல்போல் உழப்படும் என்றார். எசேக்கியா அரசர் அவரைக் கொன்றாரா? இல்லையே! ஆண்டவருக்கு அஞ்சி மன்றாடினார். ஆண்டவரும் தாம் உரைத்த தீங்கைச் செய்யாது விட்டார் (எரே 26:17-19).

அந்த மூப்பர்களின் வாதத்தை ஊன்றிக் கவனியுங்கள். மீக்கா சொன்னது நடக்கவில்லை, ஆகவே அவர் பொய்யர் என்று அவர்கள் சொல்லவில்லை. நடக்கவில்லை, ஆகவே அவர் வெற்றி பெற்றார் என்றார்கள். பலிக்காமற்போன ஒரு வாக்கு எரேமியாவின் உயிரைக் காத்தது. குயவன் வீட்டில் எரேமியா கற்ற பாடமும் இதுவே. ஒரு நாடு தன் தீமையை விட்டு விலகினால், அதற்கு எதிராக எண்ணிய தண்டனையைக் கடவுளும் விலக்கிக்கொள்வார் (எரே 18:7-8). பக்கவாசலில் நின்ற அந்தப் பெரியவருக்கு நான் அன்றே சொல்லியிருக்க வேண்டிய விடை இது: ஐயா, அழிவை அறிவிக்கும் இறைவாக்கு, தான் பொய்த்துப்போக வேண்டும் என்ற ஏக்கத்தோடுதான் உரைக்கப்படுகிறது.

அதே நகரம், வேறு முடிவு

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. பன்னிரு சிறு இறைவாக்கினரின் தொகுப்பிலேயே, யோனாவுக்குச் சற்றுத் தள்ளி நாகூம் இருக்கிறார். அவருடைய நூல் முழுவதும் நினிவேயின் வீழ்ச்சியைப் பற்றியதே. அவ்வாக்கு நிறைவேறியது. கி.மு. 612இல் பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்து முற்றுகையிட, ஏறத்தாழ மூன்று மாதங்களில் நினிவே விழுந்தது. அதன் வாயில்களுள் ஒன்றான ஹல்சி வாயிலில் 1980களின் இறுதியிலும் 1990இலும் அகழ்ந்தவர்கள், அந்தக் கடைசி நாளில் கொல்லப்பட்டோரின் எலும்புக்கூடுகளை விழுந்து கிடந்த நிலையிலேயே கண்டெடுத்தனர். கி.மு. 401இல் அவ்வழியே படையோடு சென்ற கிரேக்கரான செனபோன், அந்தப் பெரும் இடிபாட்டைப் பற்றி எழுதியபோது நினிவே என்ற பெயரையே குறிப்பிடவில்லை. இருநூறு ஆண்டுகளில் அந்தப் பெயர் மண்ணுக்குள் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெயார்டு போன்றோர் தோண்டிய பின்னரே அது மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தது.

யோனாவையும் நாகூமையும் அருகருகே வைத்த திருநூல் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. மனமாற்றம் குடும்பச் சொத்தாகக் கைமாறுவதில்லை. தந்தை நோன்பிருந்ததால் மகன் காப்பாற்றப்படுவதில்லை. 'எங்கள் பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் வேதக்காரர்கள்' என்று பெருமை பேசும் நாம் இதை மறக்கலாகாது. தவணை ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாகத் தரப்படுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தானே பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆமணக்கின் நிழலில்

நூலின் மிகக் கடினமான பகுதி நான்காம் அதிகாரம். நினிவே பிழைத்ததைக் கண்டு யோனா சினம் கொள்கிறார். தாம் முதலில் தப்பி ஓடியதற்குக் காரணத்தை அப்போதுதான் சொல்கிறார். நினிவே மக்களுக்கு அவர் அஞ்சவில்லை. கடவுளின் இரக்கத்துக்கே அஞ்சினார். 'நீர் மன்னித்துவிடுவீர் என்று எனக்கு அப்போதே தெரியும்' என்பதே அவருடைய குற்றச்சாட்டு. தமக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்காகச் சாகும் அளவுக்கு வருந்தும் அவர், ஒரு நகரத்தின் உயிர்களுக்காக வருந்தவில்லை.

இதைப் பற்றி நான் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆனால் நானே அந்தச் செடியின் கீழ் உட்கார்ந்திருந்த ஒரு காலம் உண்டு. அதை இங்கே மறைப்பது நேர்மையாகாது. இது ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதன்று; ஊரறிய நடந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய சிற்றூர் ஒன்றில், வட்டிக்குப் பணம் கொடுத்துவந்த ஒருவர் இருந்தார். பலருடைய நிலப்பத்திரங்கள் அவருடைய பெட்டியில் இருந்தன. ஒரு தவக்காலத்தில், ஏழையின் அடமானத்தைப் பற்றி ஆமோசு உரைத்தவற்றை எடுத்துக்கொண்டு கடுமையாக மறையுரை ஆற்றினேன். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் அவர் கடன்காரர்களைத் தம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து, அசலை மீறி வட்டி கட்டியவர்கள் எல்லாருக்கும் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊர் மகிழ்ந்தது என்று நினைப்பீர்கள். பத்திரம் கிடைத்தவர்கள் மகிழ்ந்தார்கள். மற்றவர்களோ, 'ஏதோ வழக்குக்குப் பயந்திருப்பான்' என்றார்கள். பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படும் பன்னிருவரில் அவரையும் சேர்த்து நான் பட்டியல் எழுதியபோது, பங்குப்பேரவைப் பெரியவர்கள் எதிர்த்தார்கள். 'இத்தனை வருசம் ஊரை அழவைத்தவன் காலையா சாமி கழுவப் போறீங்க?' என்று கேட்டார்கள். அமைதி கெடக்கூடாது என்று சொல்லிக்கொண்டு நான் அவருடைய பெயரை அடித்துவிட்டேன். அன்றிரவு அவர் ஆலயத்தின் கடைசித் தூணருகே நின்று, மற்றவர்களின் பாதங்கள் கழுவப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. மறு ஆண்டு எனக்குப் பணிமாற்றம் வந்தது. அவர் இறந்த செய்தியைப் பின்னொரு நாளில் யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

உண்மையைச் சொன்னால், அமைதியைக் காப்பது மட்டும் என் நோக்கமாக இருக்கவில்லை. அவர் இவ்வளவு எளிதாகக் கரையேறிவிட்டாரே என்ற ஒரு சிறு உறுத்தல் என்னுள்ளும் இருந்தது. என் மறையுரை பலித்ததில் எனக்குப் பெருமை இருந்தது. அதன் பலனாக ஒரு மனிதர் கிடைத்ததில் மகிழ்ச்சி இருக்கவில்லை. அழைத்தவனே வாசலை மறித்து நின்றேன். ஊதாரி மைந்தன் திரும்பி வந்த வீட்டிற்குள் நுழைய மறுத்த மூத்த மகனும், நினிவேக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்த யோனாவும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அப்பள்ளியில் நானும் இருந்திருக்கிறேன்.

நினிவேயின் நோன்பு

நினிவேயின் கதை திருநூலோடு முடிந்துவிடவில்லை. அந்த இடிபாடுகளைச் சுற்றிக் கிறிஸ்தவம் வேரூன்றியது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த தூய எப்ரேம், நினிவேயின் மனமாற்றத்தைப் பற்றிச் சிரிய மொழியில் பாடினார். சிரிய மரபைச் சேர்ந்த திருச்சபைகள், தவக்காலத்திற்கு மூன்று வாரங்களுக்கு முன் திங்கள் முதல் மூன்று நாள் 'நினிவேயின் நோன்பு' காக்கின்றன. நமக்கு அண்மையில் கேரளத்திலும் இது 'மூன்று நோன்பு' என வழங்குகிறது; குறவிலங்காடு மரியன்னை ஆலயத்தில் அந்நாள்களில் மரக்கப்பலைத் தோளில் சுமந்து, யோனாவின் கடற்பயணத்தை நினைவுகூரும் பவனி நடைபெறுகிறது.

நோன்புக்குப் பெயர் தந்த மண்ணிலேயே 2014இல் மீண்டும் குருதி சிந்தப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் மோசூலை 'இஸ்லாமிய அரசு' என்னும் ஆயுதக் குழு கைப்பற்றியது. ஜூலையில் கிறிஸ்தவர்களின் வீடுகளில் அடையாளம் இடப்பட்டது; மதம் மாறு, வரி கொடு, அல்லது வாளுக்கு இரையாகு என்று தவணை விதிக்கப்பட்டது. மக்கள் உடுத்திய உடையோடு வெளியேறினர். யோனாவின் கல்லறை எனக் கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் பல நூற்றாண்டுகளாக வணங்கிவந்த இடத்தின்மேல் எழுந்த பள்ளிவாசல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் நினிவேச் சமவெளியின் பெரிய கிறிஸ்தவ ஊரான காராகோசும் காலியானது.

நினிவேக்குக் கடவுள் தந்தது நாற்பது நாள் தவணை, அது வாழ்வதற்கு. இவர்கள் தந்ததும் தவணையே, அது வேரறுப்பதற்கு. கடவுளின் பெயரை இருதரப்பும் சொல்லலாம். அப்பெயரால் திறக்கப்படுவது வாசலா, வாளுறையா என்பதில்தான் வேறுபாடு தெரிகிறது.

2021 மார்ச் 7 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மோசூலின் இடிபாடுகளுக்கு நடுவே நின்று இறந்தோருக்காக மன்றாடினார். பின்னர் காராகோசில், எரிக்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்ட மரியன்னை ஆலயத்தில் மக்களைச் சந்தித்தார். 2014 ஆகஸ்டில் எறிகணை வீச்சில் தன் சிறு மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவர் அங்கே எழுந்து சான்று பகர்ந்தார். தன் மகனைக் கொன்றவர்களை மன்னிப்பதைப் பற்றி அவர் பேசினார். நினிவேயின் மண்ணில், நினிவேயின் நோன்பைக் காத்து வளர்ந்த ஒரு பெண், யோனாவால் சொல்ல இயலாததைச் சொல்லிவிட்டார். அவருக்கு முன் நிற்க என் உறுத்தலுக்கு என்ன தகுதி?

விடை எழுதப்படாத கேள்வி

யோனா நூல் ஒரு கேள்வியோடு முடிகிறது. வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரும் எண்ணற்ற கால்நடைகளும் வாழும் இம்மாநகருக்கு நான் இரங்க வேண்டாமா என்று கடவுள் கேட்கிறார். யோனா என்ன விடை சொன்னார் என்று நூல் கூறவில்லை. அந்த இடம் நமக்காக வெறுமையாக விடப்பட்டுள்ளது.

தீர்ப்பு நாளில் நினிவே மக்கள் எழுந்து நின்று இத்தலைமுறையைக் கண்டனம் செய்வார்கள் என்று இயேசு எச்சரித்தார் (லூக் 11:32). அவர்கள் யோனாவின் ஐந்து சொற்களுக்கே செவிகொடுத்தார்கள். நாமோ யோனாவைவிடப் பெரியவரைப் பெற்றிருக்கிறோம். மூன்று நாள் மண்ணின் ஆழத்தில் இருந்து எழுந்த அவர், தம்மைக் கொன்றவர்களுக்கு எதிராகத் தவணை குறிக்கவில்லை. அவர்களுக்காகத் தந்தையிடம் பரிந்து பேசினார்.

இந்தத் தவக்காலத்தில் நம் பாவங்களுக்காக நாம் சாம்பல் பூசிக்கொள்வோம். அத்தோடு இன்னொன்றும் செய்வோம். திருந்தி வந்தும் நாம் இன்னும் உள்ளே விடாதவர் யார் என்று நம் ஆலயத்தின் கடைசித் தூணருகே சற்றே திரும்பிப் பார்ப்போம். அங்கே நின்ற ஒருவரின் பாதத்தைக் கழுவும் வாய்ப்பை நான் இழந்துவிட்டேன். உங்களுக்கு அவ்வாய்ப்பு இன்னும் இருக்கலாம். நாற்பது நாள் தவணை தரப்பட்டிருக்கிறது.